மஞ்சளுக்குப் பதில் கட்டிய அம்பர் மணி

மஞ்சள் கிழங்கு மழையில் ஊறினால் முதலில் நுனி கறுக்கும். பிறகு கயிறு கோத்த துளையில் வெடிப்பு விடும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையை இழுக்க, குனிந்து நிமிர்கிற ஏதோ ஒரு நேரத்தில் முறிந்து தேயிலைச் செடிக்குள் விழுந்துவிடும். பவுன் தாலி இல்லாமல் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பொம்பளைகளுக்கு இது தெரியும். மகளைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதற்காக என் தாலியைப் பசறை டவுன் அடகுக்கடையில் வைத்தோம். அது திரும்பி வரவில்லை. அதனால் மஞ்சள் கயிற்றில் மஞ்சளையே தாலியாகக் கட்டியிருந்தேன்.

அது முறிந்துவிட்டால் கொழுந்து நிரையில் வரிசையாக நிற்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

“ஏ புள்ள, கழுத்தப் பொத்திக்க! ஓடு, அந்த மனுசன் உசுரோட நிக்கிறாரான்னு பாரு!”

“அவருக்கு என்னா? பைன் காட்டுல பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு நிப்பாரு. எமன் வந்தாலும் பிச்சு எடுக்க முடியாது.”

பகிடிதான் என்று தெரியும். ஆனாலும் எனக்குப் பதில் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் வாயைத் திறக்கமாட்டேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் சத்தம் தொண்டையோடு நின்றுவிடும். முந்தானையால் நெஞ்சை மூடிக்கொண்டு, கங்காணியிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மேலே பைன் காட்டுக்கு ஏறுவேன்.

வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் பேர் வெட்டி ஓய்வு கொடுத்த பிறகு என் வீட்டுக்காரர் அந்தக் காட்டில் பிசின் எடுக்கிற வேலைக்குப் போனார். மரத்தின் பட்டையைச் சீவி, கீறி, கீழே பையைக் கட்டிவிடுவார்கள். பிசின் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஓடும்போது அது தயிர் மாதிரி வெள்ளையாக இருக்கும். பழைய கீறல்களில் காய்ந்து நிற்பது மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். அந்த வாசம் அவர் கையை விட்டுப் போனதே இல்லை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவார், சவர்க்காரம் போடுவார். சோற்றைப் பிசைந்தால் சோறும் பைன் மணக்கும்.

அவர் சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு துண்டு மஞ்சள் கிடக்கும். நான் மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கமாட்டார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டு, “போ, போ. நிரை போயிரும்” என்பார்.

மகள் முதல் தடவை லீவில் வந்தபோது சவர்க்காரம், கம்பளி, பேரீச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்தாள். கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். பஞ்சுக்குள் ஒரு மணி இருந்தது. கொட்டைப்பாக்கு அளவு. மஞ்சளில் தேங்காய்ப்பால் விட்ட மாதிரி நிறம். விளக்குக்கு நேராகப் பிடித்தால்கூட அந்தப் பக்கம் தெரியவில்லை.

“இது என்னா கல்லு?” என்றேன்.

“கல்லு இல்லம்மா, அம்பர். மரத்துப் பிசின். மாமா குடுத்தாங்க.”

“எந்த மாமா?” என்று அவர் திடுக்கிட்டுக் கேட்டார்.

“ஐயோ அப்பா, நா வேல செய்ற வீட்டுப் பெரிய பொம்பளைய அப்பிடித்தான் கூப்பிடணும். அரபியில அம்மாவ மாமாங்கிறாங்க.”

“பொம்பளைய மாமாங்கிற ஊருக்கா உன்ன அனுப்பி வச்சோம்!”

மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டுப் பெரியவர்கள் தொழுகைக்கு உருட்டுகிற மணிமாலை அம்பரில் செய்ததாம். ஒரு நாள் அந்த அம்மாளின் மாலை அறுந்து மணிகள் வீடெல்லாம் உருண்டு ஓடியதாம். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. வேறு மணி போட்டு மாலையைக் கோத்து வெகுநாள் கழித்து, துணி துவைக்கிற மெஷினை நகர்த்தியபோது பின்னால் இது கிடந்திருக்கிறது. மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் அதை இவள் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டாராம்.

“எத்தனையோ கோடி வருசத்துக்கு முன்ன இருந்த காடாம்” என்று மகள் சொன்னாள். “மரமெல்லாம் மக்கிப் போச்சு. காடு இருந்த எடத்துல கடல் வந்திருச்சு. பிசின் மட்டும் மண்ணுக்குள்ள கெடந்து இறுகி இப்பிடி ஆயிருச்சு. குளிர் தேசத்துல புயல் அடிச்ச மறுநா கடக்கரையில பொறுக்குவாங்களாம். தேன் மாதிரி தெளிவா இருக்கிறதும் இருக்கு. ஆனா அங்க ஆளுங்களுக்கு இந்த மாதிரி பாலேறினதுதான் பெருசு.”

அவர் அதை வாங்கித் தன் சாரத்தில் பரபரவென்று தேய்த்தார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார். முகம் மாறியது.

“அடி இவளே! கடல் தாண்டிப் போயி நம்ம காட்டுப் பிசினையே கொண்டாந்திருக்கா பாரு.”

“சும்மா இருங்கப்பா. இது எவ்வளவு வெலன்னு தெரியுமா?”

“வெல கெடக்கட்டும். நீ மோந்து பாரு. வெயிலு படுற பக்கம் ஓடின பிசினு உருகித் தெளிஞ்சிரும். நெழல் பக்கம் ஓடினது இப்பிடித்தான், கலங்கலா நின்னுரும். நா நெதம் பாக்கிறேனே.”

மேசையில் தேயிலைத் தூள் கொஞ்சம் கொட்டிக் கிடந்தது. தேய்த்த மணியை அவர் அதற்கு மேலே கொண்டுபோனதும் தூள் துள்ளி வந்து ஒட்டியது. அவர் பயந்து கையை எடுத்தார். பிறகு திரும்பத் திரும்பத் தேய்த்து, தேயிலையைத் துள்ள வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

“இத ஒனக்குத் தாலியா போட்டுக்கம்மா” என்றாள். “மஞ்சள் மாதிரியே இருக்கு. மழையில முறியாது.”

பவுனில் ஒரு சின்ன மூடி வைத்துக் கட்டலாமா என்று கேட்க அவரும் நானும் பதுளைக்கு பஸ் ஏறினோம். பஜாரில் ஒரு நகைக்கடை. தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்டவர்கள். முதலாளி மணியை வாங்கிப் பார்த்தார். எடை இல்லாததைப் பார்த்து முதலில் பிளாஸ்டிக் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்து உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து, அதற்குள் மணியை விட்டார். மிதந்தது. தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் மணியை எடுத்துப் போட்டார். அது கீழே போய்விட்டது.

“அசல்தான்” என்றார். “இந்தக் கலங்கல் இருக்கே, உள்ள அத்தனையும் காத்து முட்டை. லென்ஸ்ல பாத்தாலும் தனித்தனியா தெரியாத அளவு பொடிசு. அதுதான் வெளிச்சத்த விட மாட்டேங்குது.”

“பவுன் மூடி போடலாங்களா?” என்று அவர் கேட்டார்.

“போட்டா பத்தவச்சு ஒட்டணும். அந்தச் சூட்ட இது தாங்காது. சென்ட்டு, மண்ணெண்ணெய் எதுவும் படவும் கூடாது. ஊசி பட்டாலே கீறும். கல்லுன்னு நெனச்சுப் பொழங்காதீங்க. கயித்துலயே கட்டுங்க, அதுதான் நல்லது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் மணியைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

துளை சின்னதாக இருந்தது. மஞ்சள் கயிறு நுழையவில்லை. அவர் ஒரு குடைக்கம்பியை எடுத்துக் கல்லில் தீட்டி, சூடு காட்டாமல், வாசலில் உட்கார்ந்து மெதுவாகத் திருகித் திருகித் துளையைப் பெரிதாக்கினார். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. வேலை முடிந்து வருகிற நேரமெல்லாம் அதுவே வேலை. லயத்து வரிசை வீடுகளின் பொம்பளைகள் போகும்போதும் வரும்போதும் சீண்டினார்கள்.

“என்னாண்ணே, ரெண்டாங் கல்யாணமா?”

“ஆமா. பொண்ணு பழசுதான்.”

“மாப்பிள்ளைக்குப் பல்லு எங்க?”

“பல்லு எதுக்கு? முடிச்சுப் போட வெரலு இருந்தா போதும்.”

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் வைத்துக் கட்டினார். மகள் பின்னால் நின்று என் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கிழமை அவள் திரும்பவும் குவைத்துக்குப் போய்விட்டாள்.

அதைக் கட்டினபிறகு எனக்கு மலையில் பயமில்லை. மழை, வியர்வை, கூடைக் கயிறு எதுவும் அதை முறிக்கவில்லை. பவுனோ கல்லோ விடிகாலைக் குளிரில் மார்பில் பட்டால் சில்லென்று இருக்கும். இது அப்படி இருக்காது. யாரோ கைக்குள் வைத்திருந்து கொடுத்த மாதிரி இருக்கும். வருஷம் போகப் போக நிறம் கொஞ்சம் ஏறியது. நானும் பேர் வெட்டி வீட்டோடு இருந்தேன். அவர் மட்டும் காட்டுக்குப் போய்வந்தார்.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். சிரிப்பாகவே ஒரு நாள் சொன்னார்: “என்னய மண்ணுல போடாதீங்க. குளிரும். எரிச்சிருங்க.” எங்கள் ஆட்களை அதிகமும் புதைப்பதுதான் வழக்கம். நான் அதைச் சிரிப்பாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார்.

மகளால் வரமுடியவில்லை. அந்தக் குவைத் வீட்டு அம்மாள் படுக்கையில் விழுந்து, இவள்தான் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டும் அந்த வீட்டில்தான் இருந்தது. கேட்டுப் பார்த்தாள், விடவில்லை. போனில் அவர் முகத்தைக் காட்டினோம். பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“அம்மா, அப்பா கோத்துக் கட்டினாரே, அத மட்டும் எனக்கு வச்சிரும்மா. வேற ஒண்ணும் வேணாம். அவரு கை பட்டதுன்னு எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்.”

“வச்சிருக்கேன்” என்றேன்.

வீட்டிலிருந்து அவரை எடுக்கிறதுக்கு முன்னால் தாலியைக் கழற்றுகிற நேரம் வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, கத்தரிக்கோலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். பவுன் தாலியாக இருந்தால் பாலில் போட்டுப் பிறகு வீட்டில் வைத்துக்கொள்வோம். மஞ்சளாக இருந்தால் அது போகிறவரோடு போகவேண்டும். அவர் நெஞ்சில் வைத்துவிடுவார்கள். அது எங்கள் முறை.

“இது ரெண்டும் இல்லியே” என்று ஒருத்தி சொன்னாள்.

“மஞ்சளுக்குப் பதிலாத்தானே கட்டினான். அப்ப மஞ்சள்தான். அவனோடயே போகணும்” என்றார் மதினி.

“மக வேணும்னு கேக்கிறா மதினி” என்றேன்.

அது மதினிக்குக் கேட்டது. கொஞ்சம் யோசித்தார். வாசலில் நின்ற மதினியின் மூத்த மகன் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான்:

“கல்லுதானே அத்த. கல்லு எரியவா போகுது? நெஞ்சுல வையுங்க. நாளைக்குப் பால் தெளிக்கப் போறப்ப சாம்பல்ல கெடக்கும். பொறுக்கிக் கொண்டாந்து ஒங்க மகளுக்கு வைப்போம். முறையும் கெடாது, பொருளும் போகாது.”

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. நல்லதாக ஒரு வழி கிடைத்துவிட்ட மாதிரி தலையாட்டினார்கள். வெளியே தப்பு அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“மதினி, அது கல்லு இல்ல. பிசின்” என்றேன்.

“என்னா?”

“பிசினாம். எரிஞ்சிரும்.”

“பிசினோ கல்லோ, நாளைக்குப் பொறுக்கிக்கலாம். நீ நிமிந்து உக்காரு புள்ள, கயிறு சிக்குது.”

திரும்ப ஒரு தடவை சொல்ல வாயைத் திறந்தேன். சுற்றிலும் அத்தனை முகங்கள். நகைக்கடைக்காரர் சூடு தாங்காது என்று சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் மனதுக்குள் வந்தது. காடு அழிந்து, கடல் வந்து, அத்தனை கோடி வருஷம் கிடந்து பிழைத்த பொருளை இந்த விறகு என்ன செய்துவிடும் என்று. அப்படி நினைத்துக்கொள்ளத்தான் அப்போது எனக்குத் தெம்பு இருந்தது. கத்தரிக்கோல் பின்கழுத்தில் பட்டது. மதினி கயிற்றோடு மணியை எடுத்து அவர் நெஞ்சில், வேட்டி மடிப்புக்குள் வைத்தார்.

பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கொழுந்து நிறுக்கிற கொட்டகை வளைவோடு நின்றுவிட்டோம். அங்கிருந்து பார்த்தால் புகை மட்டும் தெரிந்தது.

மறுநாள் ஆம்பிளைகள் பால் தெளித்து, எலும்பைப் பொறுக்கிப் பானையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மதினியின் மகன் முகம் கடுகடுவென்று இருந்தது. பின்னாலேயே சுடுகாட்டில் தீ பார்க்கிறவர் வந்தார். வயதானவர். தீ அணைகிற வரை அங்கேயே இருந்து கிளறிவிட்டு வருவது அவர் வேலை. லயத்து வாசலில் அவரை நிறுத்தினார்கள்.

“மணி இல்ல” என்றான் மதினி மகன். “சாம்பல சல்லடை போட்டு அலசியாச்சு. ராத்திரி முழுக்க அங்க இருந்தது இந்தாளு ஒருத்தருதான்.”

“நா எதுக்கு தம்பி எடுக்கிறேன்?”

“கல்லு எரியுமா? சொல்லுங்க, கல்லு எரியுமா?”

“எரியாது.”

“அப்ப எங்க போச்சு? நடந்து போச்சா?”

“குவைத் சாமான். வெல தெரிஞ்சிருக்கும்” என்று யாரோ சொன்னார்கள்.

“மடிய அவுத்துக் காட்டச் சொல்லு.”

பெரியவர் மடியை அவிழ்த்தார். ஒரு வெற்றிலை, பாக்குத் துண்டு, புகையிலைக் காம்பு. அவற்றை உள்ளங்கையில் வைத்து எல்லாரும் பார்க்கிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் காம்பராவுக்குள், எங்கள் ஒற்றை அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். துக்க நாட்களில் நான் வாசலுக்கு வரக்கூடாது. எழுந்து வந்தேன்.

“அவர விடுங்க!” என்றேன். “யாரும் எடுக்கல. அது கல்லு இல்ல, பிசின்! மரத்துப் பிசின்! எரிஞ்சுதான் போயிருக்கும்!”

என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. கீழ் லயத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெரியவர் மெல்லச் சொன்னார்: “சாம்பிராணி வாசம் வந்துச்சும்மா.”

“எப்ப?”

“நெஞ்சுப் பக்கம் தீ ஏறுறப்ப. கொஞ்ச நேரந்தான். யாரு சாம்பிராணி போட்டதுன்னு நா சுத்திப் பாத்தேன். ஒருத்தரும் போடல. சாம்பிராணின்னும் சொல்ல முடியாது. மேல பைன் காட்டுல தீ புடிச்சா வருமே, அந்த மாதிரி. ஆனா அதவிட நல்லா இருந்துச்சு. அப்பறம் விறகு வாசந்தான்.”

மதினி என்னைப் பார்த்தார். “நெசமாவே பிசினா புள்ள?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் தன் மகனைப் பார்த்து, “பெரியவருக்குத் தேத்தண்ணி ஊத்தச் சொல்லு” என்றார். பெரியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார். மதினி மகன் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. முன்னே சொன்னதோடு என் சத்தம் தீர்ந்துபோயிருந்தது.

மற்றவர்களை மாதிரி என் வீட்டுக்காரரைப் புதைத்திருந்தால் மணி மண்ணுக்குள் கிடந்திருக்கும். மண் அதற்குப் புதிதில்லை. ஆனால் அவர் குளிரும் என்றார்.

காரியம் முடிந்த பிறகு மகள் போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

“எடுத்து வச்சிட்டியாம்மா? எங்க, காட்டு.”

மதினி எலும்புப் பானையை எப்படி வைத்திருக்கிறார், காரியத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “காட்டும்மா” என்றாள் திரும்பவும். அப்புறம் சொன்னேன். நெஞ்சில் வைத்தது, சாம்பலில் தேடினது, பெரியவருக்கு வந்த வாசம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. “யாரு வச்சது?” என்றாள்.

“உங்க அத்ததான். மொறைன்னு சொன்னாங்க. கல்லுன்னு நெனச்சுட்டாங்க.”

“எரியும்னு நீ சொல்லலியா?”

“சொன்னேன்.”

“சத்தமா சொன்னியாம்மா?”

போனில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள். தூக்கமில்லாமல் அந்த அம்மாளைப் புரட்டிப் படுக்கவைக்கிற வேலை.

“மறுநா சொன்னேன்” என்றேன். “எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னேன்.”

“மறுநா” என்றாள் அவள்.

உள்ளேயிருந்து அந்த அம்மாள் ஏதோ அரபியில் கூப்பிட்டது கேட்டது. மகள் போனை அப்படியே எங்கேயோ வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு அந்த வீட்டின் வெள்ளைக் கூரையும் சுற்றுகிற ஃபேனும் மட்டும் தெரிந்தன. வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் வருகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.